பையின் விலையும் பெயரின் விலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இவ்வாண்டு விழாவில் நாம் பேசுவதற்கென்று மகளிர் பகுதியினர் ஒரு தலைப்பைத் தேர்ந்தளித்தார்கள். பேர்பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் விலையுயர்ந்த கைப்பைகள், கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்பது அத்தலைப்பு. இலக்கியம் முழங்கும் மேடையில் கைப்பைக்கு என்ன வேலை என்று சிலர் முறுவலிக்கக்கூடும். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயின் பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு இலக்கியம் பேசும் தகுதி குறைவு. ஆனால் பையைப் பற்றிப் பேசும் தகுதி சற்று உண்டு. இருபது ஆண்டுகளாகப் பிறருடைய மூட்டை முடிச்சுகளை எடை போட்டு, சீட்டு ஒட்டி, ரசீது எழுதி வருகிறோம். பை எந்த இடத்தில் அறும், எந்த இடத்தில் பிரியும் என்பதை நம் கண்கள் கண்டிருக்கின்றன. பெரும்பாலும் கைப்பிடியின் அடியில்தான் தையல் முதலில் விடும். அடுத்து ஜிப் பல்லிளிக்கும். அதன் பிறகு உட்துணி கிழியும். இந்த மூன்றையும் அறிந்தவன் பையின் உடம்பை அறிந்தவன்.

இப்பைகளின் வரலாற்றைப் புரட்டினால், அவை நம் தொழிலுக்கு உறவுடையவை என்பது விளங்கும். லூயி வுய்ட்டன் என்பவர் 1854-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பயணப் பெட்டிக் கடை தொடங்கினார். அக்காலத்துப் பெட்டிகள் மழைநீர் வழிந்தோடும் பொருட்டுக் குவிந்த மூடியுடன் இருந்தன. குதிரை வண்டியின் கூரைக்கு அது பொருந்தியது; இரயில் வண்டியிலும் கப்பலிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அது இடையூறாயிற்று. அவர் 1858-இல் தட்டையான மூடியுடைய, நீர் புகாத கித்தான் போர்த்திய பெட்டியைச் செய்தார். இரயிலுக்கு ஏற்ற பெட்டி செய்ததனால் ஒரு நிறுவனம் எழுந்தது என்றால், இரயில்வே ஊழியர்களாகிய நாம் சற்றே பெருமை கொள்ளலாம் அன்றோ? அவ்வாறே, ஹெர்மேஸ் என்னும் நிறுவனம் 1837-இல் குதிரைக்குரிய கடிவாளமும் வாரும் செய்யும் பட்டறையாகப் பாரிஸில் தொடங்கியது. குதிரை மிரண்டு இழுத்தாலும் அறாத தையல் அவர்களுக்குத் தேவையாயிருந்தது. அந்தத் தையலே பின்னாளில் பைக்கு வந்தது. ஆகவே, இந்நிறுவனங்கள் வெறும் பகட்டில் பிறந்தவை என்று நாம் சொல்ல மாட்டோம். அவை உழைப்பில் பிறந்தவை.

இனி விலைக்கு வருவோம். நம் தாய்மார்கள் நகைக்கடைக்குச் சென்றால் கடைக்காரர் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார். பொன்னின் எடை இவ்வளவு, அன்றைய விலை இவ்வளவு, செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு, வரி இவ்வளவு என்று அதில் பிரித்துக் காட்டியிருக்கும். சேதாரம் ஒரு விழுக்காடு மிகுந்தால் நம் பெண்கள் அரை மணி நேரம் வழக்காடுவார்கள். ஆனால் கைப்பைக் கடையில் இப்படிப்பட்ட சீட்டு கிடையாது. ஒரே ஒரு எண்தான் உண்டு. அந்த எண்ணுக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதை நாமே பிரித்து எழுதிப் பார்ப்போம். தோல் முதலிய பொருளின் விலை ஒன்று. தைத்த கையின் கூலி இரண்டு. கடை வாடகை, விளம்பரம், வரி, வணிகனின் ஊதியம் மூன்று. பெயரின் விலை நான்கு. முதல் இரண்டும் பைக்குள் இருக்கின்றன. பின் இரண்டும் பைக்கு வெளியே இருக்கின்றன.

முதல் இரண்டைப் பற்றி நாம் நேர்மையாகப் பேச வேண்டும். நல்ல தோலுக்கும் இழிந்த தோலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. விலங்கின் தோலில் மேற்பகுதியே உறுதி மிக்கது. அதன் அடிப்பகுதியைப் பிளந்தெடுத்து, மேலே பூச்சுப் பூசி, அச்சில் அழுத்திப் பளபளப்பாக்கி விற்பதும் உண்டு. இரண்டின் மீதும் 'உண்மையான தோல்' என்றே எழுதியிருக்கும். முன்னது ஆண்டுகள் ஏற ஏற மெருகேறும். பின்னது இரண்டு மழைக்காலத்தில் உரியும். நம் தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயால் முடித்த தோல், வெள்ளையர் காலத்தில் கப்பலேறி மேலைநாட்டுச் சந்தைக்குச் சென்றது. இன்றும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்னும் ஊர்களைத் தோல் தொழில் அறிந்தவர்கள் உலகெங்கும் அறிவார்கள். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தொடங்கியது. தோலின் தரத்துக்கு விலை கொடுக்க வேண்டும் என்பதைத் தமிழர்களாகிய நாம் மறுக்க முடியாது.

தையலும் அப்படியே. இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொளுவி நிற்கும். ஓர் இடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியக்கூடும். சேணத் தையல் என்பது மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு புறமும் செலுத்தித் தைப்பது. ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை தாங்கும். ஹெர்மேஸ் நிறுவனத்தார் தம் பேர்பெற்ற பைகளில் இத்தையலைக் கையாலேயே இடுகிறார்கள். ஒரு பையைத் தொடக்கமுதல் இறுதிவரை ஒரே கைவினைஞர் செய்கிறார். பழுதானால் திரும்பப் பெற்றுச் செப்பனிட்டும் தருகிறார்கள். இப்படிப்பட்ட உழைப்புக்கு உரிய கூலி கொடுத்தே ஆக வேண்டும். ஆயிரம் ரூபாய்ப் பையும் பத்தாயிரம் ரூபாய்ப் பையும் ஒன்றே என்று சொல்பவர் பையைத் திறந்து பார்த்தவர் அல்லர்.

ஆனால் பத்தாயிரத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் இடையே உள்ள தொலைவை எது நிரப்புகிறது? அங்கேதான் பெயர் வருகிறது. ஷனேல் நிறுவனத்தின் புகழ்பெற்ற மடிப்புமூடிப் பையை எடுத்துக்கொள்வோம். அதன் நடுத்தர அளவு 2019-இல் அமெரிக்காவில் 6,000 டாலருக்குள் கிடைத்தது. 2023-இல் அதன் விலை 10,000 டாலரைத் தாண்டிற்று. அந்த நான்காண்டில் ஆட்டின் தோல் அத்தனை மடங்கு தடித்துவிடவில்லை. தைப்பவரின் கைவிரல்கள் பத்திலிருந்து பதினெட்டு ஆகிவிடவுமில்லை. ஏறியது பெரும்பாலும் பெயரின் விலையே. விலை குறைந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கினால் வாங்கியவருக்குப் பெருமை குன்றும். ஆகவே விலை ஏறுவதே இவ்வகைப் பண்டத்தின் கவர்ச்சியாகிவிடுகிறது. கத்தரிக்காய் விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். பெயரின் விலை ஏறினால் ஏங்குவோர் பெருகுகின்றனர்.

பெயருக்குக் கொடுக்கும் பணமாவது தைத்த கைக்குப் போய்ச் சேருகிறதா? இத்தாலி நாட்டின் மிலான் நகர நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம், டியோர் நிறுவனத்துக்குப் பைகள் செய்யும் கிளையொன்றை நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. அவர்களுக்கு வேலை செய்த உள்குத்தகைப் பட்டறைகளில் தொழிலாளர்கள் பட்டறையிலேயே உறங்கி, இரவும் விடுமுறை நாளும் உழைத்தமை ஆய்வில் தெரியவந்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் ஒரு பைக்கு, பட்டறைக்குக் கொடுத்த தொகை 53 யூரோ என்று வழக்கு ஏடுகள் கூறின. தோல் முதலியவற்றின் விலை இதில் சேராது என்பதையும் நாம் மறைக்கலாகாது. நிறுவனம் அப்பட்டறைகளின் செயலைக் கண்டித்தது. கண்காணிப்பும் 2025-இல் நீக்கப்பட்டது. ஆயினும் கணக்கு எழுதிப் பழகிய நம் கை சும்மா இராமல் வகுத்துப் பார்த்தது. நூற்றுக்கு இரண்டு பங்குதான் அந்தப் பட்டறைக்குச் சென்றிருக்கிறது. எல்லா நிறுவனங்களும் இப்படி என்று நாம் கூறவில்லை. விலை உயர்ந்ததனாலேயே தைத்தவர் வயிறு நிறைந்தது என்று நம்பிவிட வேண்டா என்பதே நாம் கூறுவது.

'பொன்னைப் போல இதுவும் ஒரு முதலீடு' என்று சிலர் வாதிடுகிறார்கள். இதற்குச் சான்றாகப் பிர்கின் பையைக் காட்டுகிறார்கள். ஜேன் பிர்கின் என்னும் நடிகையின் பெயரால் ஹெர்மேஸ் நிறுவனம் செய்த முதற்பை, 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸில் 86 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு பை. அந்த அம்மையார் தம் கையில் சுமந்து தேய்த்த பை. வேண்டுமென்றே குறைவாகச் செய்து விற்கும் சில வகைகள் மறுவிற்பனையிலும் விலை பெறுகின்றன. மற்றப் பைகளுள் பெரும்பாலானவை கடை வாசலைத் தாண்டியதுமே விலை இழக்கின்றன. பொன்னை உருக்கினால் பொன்னாகவே கிடைக்கும். பையைப் பிரித்தால் கிடைப்பது தோல் துண்டும் இரண்டு வளையமும். அவசரத்துக்கு மணப்புரத்திலோ முத்தூட்டிலோ பையை வைத்துக் கடன் பெற முடியாது என்பதை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

இனி நாம் சொல்லப்போவது சற்று நெருக்கமான செய்தி. நம் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களுடைய பெண் பட்டம் பெற்று, பாந்திரா–குர்லா வளாகத்தில் ஓர் அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தாள். மாதச் சம்பளம் 48,000 ரூபாய். ஓராண்டு நிறைவதற்குள் 1,40,000 ரூபாய்க்கு ஒரு கைப்பை வாங்கினாள், பன்னிரண்டு மாதத் தவணையில். தந்தை கொதித்தார். நம்மை அழைத்து, 'நீங்களாவது சொல்லுங்கள்' என்றார். நாமும் சென்றோம். அந்தப் பெண் அமைதியாகச் சொன்னாள்: 'மாமா, ஆறு மாதம் துணிப்பையோடு போனேன். கூட்டத்தில் நான் பேசினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்வையாளர் வந்தால், தேநீர் கொண்டுவரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். இந்தப் பையோடு போன நாள் முதல் அப்படி ஒருவரும் கேட்கவில்லை. இதற்கு நான் கொடுத்த விலை அதிகமா?'

அவையோரே, இக்கேள்வியை எள்ளி நகையாட நம்மால் இயலவில்லை. அவள் பை வாங்கவில்லை, மதிப்பை வாங்கினாள். அவளுடைய தாயார் உள்ளிருந்து வந்து மற்றொன்றையும் கேட்டார்: 'என் கலியாணத்தில் இவர் வீட்டார் கேட்டுப் போட்ட நகை இன்னும் வங்கிப் பெட்டகத்தில் தூங்குகிறது. அது ஊருக்குக் காட்டத்தானே? அதற்கு ஒருவரும் கணக்குக் கேட்கவில்லையே!' தந்தை வாயடைத்து நின்றார். ஊரார் மெச்ச நாம் செய்யும் செலவுக்கு வழக்கம் என்று பெயர் சூட்டுகிறோம். இளையவர் செய்தால் ஊதாரித்தனம் என்கிறோம். இந்த ஓரவஞ்சனை நம் வீடுகளில் ஒழிய வேண்டும்.

ஆயினும் நாம் அவளிடம் ஒன்று கேட்டோம்: 'இந்தப் பையை இரயிலில் எப்படிக் கொண்டு போகிறாய், அம்மா?' அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. காலை எட்டரை மணி வண்டியின் நெரிசலில் அந்தப் பை நசுங்கிவிடும். மழைநீர் பட்டால் கறை பிடிக்கும். கயவர் பறித்தாலும் பறிப்பர். ஆகவே அவள் அந்தப் பையை உறையில் இட்டு, அந்த உறையை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து மார்போடு அணைத்துச் சென்று, அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் பை மாற்றிக்கொள்கிறாளாம்! நாம் பையைச் சுமக்கிறோமா, பை நம்மைச் சுமக்க வைக்கிறதா என்று எண்ணி அவளும் நகைத்தாள், நாமும் நகைத்தோம். தவணை இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அவளே கட்டி முடிப்பாள். அவளை நாம் குறை கூறவில்லை. பையைப் பார்த்து ஆளை மதிக்கும் அலுவலகத்தைத்தான் குறை கூறுகிறோம்.

அந்த மஞ்சள் பையைப் பற்றியும் ஒரு சொல். திருமண வீட்டில் தாம்பூலம் இட்டுக் கொடுப்பது அது. துணிக்கடையில் புடவை வைத்துக் கொடுப்பது அது. நம் முன்னோர் பலர் பம்பாய் என்று வழங்கிய இந்நகரில் வந்து இறங்கியபோது கையில் இருந்தது அதுதான். திரைப்படத்தில் பட்டிக்காட்டானைக் காட்ட வேண்டுமென்றால் கையில் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு தலைமுறை அதைக் கண்டு வெட்கியது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு பிளாஸ்டிக் பைகளை ஒழிக்கும் பொருட்டு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கமே தொடங்கிற்று. பை மாறவில்லை, அதைப் பார்க்கும் கண்தான் மாறிற்று. அந்தப் பையின் மீதும் பெயர் உண்டு. கடைக்காரர் தம் பெயரைச் சுமப்பதற்காக நமக்குப் பையை இலவசமாகக் கொடுத்தார். இந்தப் பெரிய நிறுவனங்களோ தம் பெயரைச் சுமப்பதற்கு நம்மிடமே பணம் பெறுகின்றன. வணிகத் திறமை என்றால் இதுவன்றோ திறமை!

நண்பர்களே, மித்தி ஆற்றின் ஒரு கரையில் பாந்திரா–குர்லா வளாகம். அங்கே 2023 நவம்பரில் திறந்த பெரும் வணிக மாளிகையில் நாம் இதுவரை பேசிய பெயர்கள் சில பலகையில் மின்னுகின்றன. மறு கரையில் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்தார்கள். பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் அகன்றுவிட்டன; வெட்டித் தைக்கும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. பிரதான சாலையின் கடைகளில் நல்ல தோல்பை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம்மவர் அங்கே சென்று என்ன செய்கிறோம்? மூவாயிரம் சொன்னால் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கேட்கிறோம். ஆற்றின் அக்கரையில் சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்து, நன்றியும் கூறி வெளிவருகிறோம்.

இதற்குள் ஒரு பழைய நோய் ஒளிந்திருக்கிறது. தோலைத் தொட்டுத் தொழில் செய்தவரை ஊருக்கு வெளியே நிறுத்திய சமுதாயம் நம்முடையது. அதே தோலில் பாரிஸ் நகரத்துப் பெயர் பொறித்தால் அதைத் தோளில் மாட்டிக்கொள்கிறோம்; பூசை அறை வாசல்வரை கொண்டு செல்கிறோம். அப்படியானால் நாம் ஒதுக்கியது தோலையன்று, மனிதரையே என்பது வெட்டவெளிச்சம் ஆகிறது. தாராவியின் தோல் கைவினைஞர்களுடன் சேர்ந்து சுதீர் ராஜ்பர் என்னும் கலைஞர் பைகள் செய்து வருகிறார். மகாராஷ்டிரத்தில் 2015-இல் வந்த மாட்டிறைச்சித் தடைச் சட்டத்தால் தோல் வேலை நலிந்த பின்பு, பழைய ரப்பரை மறுபடியும் பயன்படுத்தி அவர்கள் பை தைக்கிறார்கள். அந்நிறுவனத்துக்கு அவர் இட்ட பெயர் 'சமார் ஸ்டூடியோ'. இழிசொல்லாக எறியப்பட்ட ஒரு சாதிப் பெயரையே வணிகப் பெயராக நிமிர்த்திக் காட்டினார். பெயருக்கு விலை கொடுப்பது தவறு என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். எந்தப் பெயருக்கு, யார் வயிறு நிறைய, எவ்வளவு என்று கேட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆகவே, தலைப்புக்கு நம் விடை இது. நல்ல தோலுக்கும், நல்ல தையலுக்கும், பழுது பார்த்துத் தரும் பொறுப்புக்கும் கொடுக்கும் பணம் தகும். அதற்கு மேல் பெயருக்குக் கொடுக்கும் பணம், கையில் மிகுதியாக உள்ளவருக்கு அவர் விருப்பம். மாதச் சம்பளத்தில் வாழ்பவருக்குத் தகாது. கடன் வாங்கிக் கொடுப்பவருக்கு ஒருக்காலும் தகாது. வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். தவணை இல்லாமல் வாங்க முடியுமா? பெயர்ப்பலகை உள்பக்கம் இருந்தாலும் இதை விரும்புவேனா? ஒரு முறை எடுத்துச் செல்வதற்கு என்ன செலவாகிறது?

மூன்றாவது வினாவுக்கு ஒரு கணக்கு. 12,000 ரூபாய்க்கு வாங்கிய உறுதியான தோல்பையை நாள்தோறும் பத்தாண்டு சுமந்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 29 காசு. 1,40,000 ரூபாய்ப் பையை விழா நாளுக்கென்று பூட்டி வைத்து, மாதம் இரு முறையாக ஐந்தாண்டு எடுத்தால், ஒரு முறைக்கு ஏறத்தாழ 1,167 ரூபாய். போலிப் பையை வாங்குவோமே என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல்: பிறர் மதிப்புக்காக வாங்கும் பொருள், பிறர் உற்றுப் பார்த்தால் அஞ்சும் பொருளாக இருந்தால் அதனால் பயன் என்ன? தாராவியில் போலி தைக்கும் அதே கை, தன் சொந்தப் பெயரில் தைக்கும் திறம் உடையதே. அதற்கு வேண்டியது நாம் கொடுக்கும் நேர்மையான விலை.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் பேச்சுப்போட்டி, கோலப்போட்டிகளில் வென்றவர்களுக்கு எவர்சில்வர்ப் பாத்திரம் பரிசளிக்கிறோம். வரும் ஆண்டில் தாராவிப் பட்டறையொன்றில் தைத்த தோல்பையைப் பரிசாகக் கொடுப்போம். பேரம் பேசாமல் வாங்குவோம். தாராவியை மாற்றியமைக்கும் திட்டம் நடைபெறும் இந்நாளில், அப்பட்டறைகள் இருக்கும் இடத்திலேயே இருக்குமா என்று தைப்பவர்கள் கவலையில் இருக்கிறார்கள். சங்கம் வாங்கும் இருபது பைகளால் அவர்கள் கவலை முழுதும் தீர்ந்துவிடாது. ஆனால் அந்தப் பையின் உள்பக்கத்தில் அதைத் தைத்தவரின் பெயரைப் பொறிக்கச் சொல்லலாம். நம் பெண்கள் அந்தப் பெயரோடு அலுவலகம் செல்லட்டும்.